முகூர்த்தப் புடவையில் ஓர் ஆந்தை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் மஹாலட்சுமியின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "கேள்வி கேட்டுக்கினே இருப்பாங்களே, அந்த அம்மா வூடா? நேரா போய் ரைட்ல திரும்புங்க" என்பார்கள்.

நாற்பத்தாறு வயதான மஹாலட்சுமி, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதன்படி ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து நெசவாளரிடம் கொடுப்பாள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, கீழே பட்டில் அன்னமும் யாளியும் மெல்ல எழுந்து வரும்.

கல்யாணமான நாளிலிருந்து அன்னம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு அன்னத்தையும் அவள் பார்த்ததில்லை. யாளியையும் பார்த்ததில்லை. "பாக்காத ஒண்ணுக்கு இத்தனை இறகு, இத்தனை பல்லுன்னு நாம எப்படிங்க முடிவு பண்றோம்?" என்று ஜரிகைக் கடைக்காரரிடம் கேட்டதில், அவர் எடை போட்டதை மறந்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறார். வரதராஜப் பெருமாள் கோவில் தூணில் யாளியின் பல்லை எண்ணிக்கொண்டு நின்றதில் பிரசாதத்தைத் தவறவிட்டவள் அவள். கணவர் ராமராஜன் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். "என்னை வழியில மடக்குற போலீஸ்காரன்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டான்பா" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்காமல் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அன்று அந்தக் கறுப்புப் புடவையால்தானா அப்படி நடந்தது?

நான்கு வீடு தள்ளித் தம்பி பஞ்சாட்சரம் தறி வைத்திருந்தான். அக்கா டிசைன், தம்பி தறி. இரண்டும் சேர்ந்தால் அந்தப் புடவைக்குத் தனி மரியாதை. சில வருஷங்களுக்கு முன் ஒரு சினிமாக் கம்பெனி முழுக் கறுப்பில் புடவை கேட்டது. பஞ்சாட்சரம் தயங்கினான். "கறுப்புப் பாவு நூலு மேல ஜரிகை எப்படி மின்னும்னு பாக்க வேணாமாடா?" என்று அக்காதான் ஆசைகாட்டி நெய்ய வைத்தாள். தறியில் அந்தப் புடவை பாதி ஏறியிருந்தபோது, அவன் மனைவி தையல்நாயகியின் வயிற்றில் மூன்று மாதமாக இருந்த கரு கலைந்தது.

தெரு சும்மா இருக்குமா? "முழுகாம இருக்கிறவ வூட்ல கறுப்பை ஏத்துனா?" என்று வாய் வைத்தது. பஞ்சாட்சரம் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு ஆடி போய் அடுத்த ஆடி வரும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தான். பிறகு தையல்நாயகிதான் ஒரு தீபாவளிக்கு அதிரசத் தட்டோடு வந்து, "அண்ணி, உங்க தம்பி வெளியில நின்னுக்கினு இருக்காரு. உள்ள கூப்புட மாட்டீங்களா?" என்றாள். அன்று மஹாலட்சுமி அழுத அழுகையில் அதிரசம் கரைந்திருக்கும்.

இப்போது தையல்நாயகிக்கு மறுபடி ஐந்தாம் மாதம். அந்த வீட்டில் எல்லோரும் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்த சமயம். அப்போதுதான் கீர்த்தி வந்தாள்.

ஜீன்ஸ் பேன்ட், வெயிலில் கறுத்த முகம், கையெல்லாம் அட்டைப்பூச்சி கடித்த தழும்பு. வால்பாறைக் காட்டில் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். அவளுடைய அம்மா ரேவதியின் கல்யாணப் புடவை பஞ்சாட்சரத்தின் அப்பா நெய்தது.

"தை மாசம் எனக்குக் கல்யாணம்க்கா. முகூர்த்தப் புடவை உங்க டிசைன்ல, உங்க தம்பி கையால வேணும். முந்தியில மயில் வேணாம். ஒரு குரங்கு, ஒரு ஆந்தை."

மஹாலட்சுமி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "குரங்கு சரி. ஆஞ்சநேயர்னு சொல்லிக்கலாம். ஆந்தை எதுக்கும்மா?"

கீர்த்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "குரங்கு என்னோடது. ஆந்தை அவரோடது."

மாப்பிள்ளை விமல்ராஜ் நியூசிலாந்தில் இருந்தான். அழிந்துபோன பறவைகளின் எலும்புகளை ஆராய்வது அவன் வேலை. அங்கே ஒரு காலத்தில் சிரிக்கும் ஆந்தை என்று ஒன்று இருந்தது. அதன் குரல் யாரோ சிரிப்பது போல இருக்குமாம். நூறு வருஷத்துக்கும் முன்பே, கடைசி ஆந்தையும் செத்துக் கிடந்ததைத்தான் மனிதர்கள் கண்டார்கள்.

"அது உயிரோட இருக்கிறப்போ எடுத்த போட்டோ இருக்குதா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு. கறுப்பு வெள்ளையில, மங்கலா."

"குரல்?"

"பதிவே பண்ணலக்கா. கேட்டவங்க எழுதி வெச்சதுதான்."

போதாதா? மஹாலட்சுமிக்குள் இருந்த கேள்விகளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தன. ஆந்தை என்றதும் வந்த பயத்தை அந்தக் கூட்டம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. படம் வரைவதில் என்ன குற்றம்? தறியில் ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவள் அந்த வேலையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கீர்த்தியின் போனுக்கு ஓய்வில்லை. பால் காயும்போது ஒரு கேள்வி, துணி உலர்த்தும்போது ஒரு கேள்வி.

"ஏம்மா, அந்த ஆந்தைக்குக் காலு ஏன் இவ்ளோ நீட்டு?"

"அது தரையில நடந்து இரை தேடும்க்கா. பல்லி, பூச்சி, எலின்னு. அந்தத் தீவுல அதைப் புடிச்சுத் தின்ன நாலு கால் மிருகமே கெடையாது. அதனால தரையைப் பாத்து அதுக்குப் பயமே இல்ல."

"அப்புறம் எப்படி அழிஞ்சுது?"

"வெள்ளைக்காரங்க முயலைக் கொண்டாந்தாங்க. முயல் பெருகிடுச்சு. அதை ஒழிக்க நம்ம ஊர் கீரி மாதிரி ஒரு பிராணியைக் கொண்டாந்தாங்க. அதோட பூனையும் வந்துது. அதுங்களுக்கு முயலைவிட இது சுளுவா ஆப்டுச்சு."

"அடப்பாவமே. சரி, குரங்கு?"

சிங்கவால் குரங்கின் கதை தலைகீழாக இருந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மூன்றாயிரமோ நான்காயிரமோதான் மிச்சம். ஏகாம்பரநாதர் கோவில் வாசலில் வாழைப்பழத்தைப் பிடுங்குகிற குரங்கு மாதிரி இல்லை. அது பிறந்து வளர்ந்து சாவதெல்லாம் சோலைக்காட்டின் உச்சிக் கிளைகளில்தான். காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள், நடுவே ரோடு போட்டார்கள். கிளையும் கிளையும் எட்டாமல் போனதும் அது கீழே இறங்கித்தான் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வண்டியில் அடிபட்டது.

மஹாலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்று தரையை நம்பியே வாழ்ந்து தரையில் செத்தது. இன்னொன்றுக்குத் தரையே தெரியாது, இப்போது இறங்க வேண்டியதாகி அடிபடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது பெரிய துக்கம்?

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம்மா?"

"பண்ணிக்கினுதானே இருக்கோம்! பழைய தீயணைப்புக் குழாயை மரத்துக்கு மரம் பாலமா கட்டி வெச்சிருக்கோம். அது மேல நடந்து போகுதுக்கா. மொதல்ல பெரிசுங்க பயந்துச்சு. குட்டிங்கதான் பாஞ்சு போச்சு." கீர்த்தியின் குரலில் அப்படியொரு பெருமிதம். தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல. "அவருக்கு அந்தக் குடுப்பினை இல்ல, பாவம். எலும்பை மட்டும்தான் துடைச்சு வைக்க முடியும்."

டிசைன் முடிய மூன்று வாரம் பிடித்தது. வரையும்போது மஹாலட்சுமி ஒன்றைக் கவனித்தாள். ஆந்தையை வரைவது சுலபமாக இருந்தது. மங்கலான படத்தில் தெரியாத இறகைத் தானே போட்டுக்கொண்டாள். தப்பென்று சொல்ல ஆந்தை வராது. அன்னம், யாளி வரிசையில் அதுவும் அழகாகப் போய் உட்கார்ந்துவிட்டது. குரங்குதான் படுத்தியது. கீர்த்தி அனுப்பிய வீடியோவில் அது திரும்பியது, சொறிந்தது, கொட்டாவி விட்டது. எந்தக் கோட்டைப் போட்டாலும், "நான் அப்படியில்லையே" என்று முறைத்தது.

ஒருவழியாக முடித்து, கீர்த்தியை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினாள். முந்தியின் அடியில் எதிரெதிரே இரண்டு குரங்குகள். மேலே முகம் பார்த்து இரண்டு ஆந்தைகள்.

கீர்த்தி முதலில் கண் கலங்கினாள். அடுத்த நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, ரெண்டும் ஆம்பளைக் குரங்கு! இப்படி மூஞ்சிக்கு மூஞ்சி நின்னா அடிதடிதான். ஒரு கூட்டத்துக்குப் பெரிய ஆண் ஒண்ணுதான் இருக்கும்."

மஹாலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. காஞ்சிபுரத்தில் எவளாக இருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பாள். இங்கே மயிலானாலும் கிளியானாலும் பாதியைத்தான் வரைவார்கள். மறுபாதியைத் தறியே கண்ணாடி மாதிரி காட்டிவிடும். ஜக்கார்டிலிருந்து இறங்கும் கயிறுகளை அப்படித்தான் எதிரெதிராகக் கட்டியிருப்பார்கள். கல்யாணப் புடவையில் எதுவும் ஒற்றையாக நிற்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் வலது மயிலும் இடது மயிலும் ஒரே மயில்தான். அதில் ஆணா பெண்ணா என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. இத்தனை கேள்வி கேட்கிற அவளே கேட்டதில்லை!

"ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் குட்டியோட பெண். அப்படிப் போடலாமாக்கா?"

"போடலாம். ஆனா கயிறு முழுக்க அவுத்து மறுபடி கட்டணும். ஜக்கார்டை நேர் கட்டா மாத்தணும். அந்தத் தறிக்காரன்தான் மனசு வெக்கணும்" என்றாள் மஹாலட்சுமி. பிறகு, "ஆந்தைக்கு? அதுவும் ஆண் ஒண்ணு பெண் ஒண்ணா?" என்று கேட்டாள்.

கீர்த்தி திரையில் அந்த ஆந்தையைப் பார்த்தாள். "அதை அப்படியே விட்டுடுங்கக்கா. அதுக்கு ஜோடின்னு இருந்தா இனிமே கண்ணாடியில மட்டும்தான்."

போனை வைத்த பிறகும் மஹாலட்சுமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே கட்டத்துக்குள் இருந்த இரண்டு பிராணிகளும் அப்போதுதான் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. குரங்கின் எதிரே நிஜமாகவே இன்னொரு உயிர் இருந்தது. அதன் மடியில் ஒரு குட்டியும் இருந்தது. ஆந்தையின் எதிரே அதன் நிழல்தான்.

இனித் தள்ளிப்போட முடியாது. தம்பியிடம் சொல்லியாக வேண்டும்.

தையல்நாயகி இல்லாத நேரமாகப் பார்த்துப் போக நினைத்தாள். போனபோது அவள் தறிக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாட்சரம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். டிசைனை விரித்ததும் அவன் கை, ஊடை இழை ஓட்டும் நாடாவை விட்டுவிட்டது.

"என்னக்கா இது?"

"ஆந்தைடா."

"எடுத்துக்கினு போ."

"நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"போதும்கா. ஒரு வாட்டி கேட்டேன். என்ன ஆச்சுன்னு உனக்கே தெரியும். இப்போ ஆறாவது மாசம் நடக்குது. ஆந்தையைத் தறியில ஏத்தி, இந்த வேற வேற குரங்குக்காகக் கயித்தையும் அவுத்துக் கட்டணுமா? நான் என்ன கல்லா?"

மஹாலட்சுமி காகிதத்தைச் சுருட்டினாள். இவன் முகம் இன்னொரு முறை திரும்பிக்கொண்டால் அவள் தாங்க மாட்டாள். ஒரு புடவைக்காகவா? ஒரு செத்த பறவைக்காகவா?

"அண்ணி, குடுங்க பாப்போம்." தையல்நாயகி கையை நீட்டினாள். "வயிறு என்னுது. பயப்படுறது நீங்க ரெண்டு பேரு. என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

காகிதத்தை வாங்கி மடியில் விரித்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இது கத்துமா அண்ணி?"

"கத்தாதும்மா. அது இனமே அழிஞ்சு போச்சு. குரல் எப்படி இருந்துச்சுன்னு கேக்க ஒரு ரெக்கார்டுகூட இல்ல. சிரிக்கிற மாதிரி இருக்குமாம். யாராச்சும் கையில வெச்சு ஆர்மோனியம் மாதிரி பெட்டி வாசிச்சா, பக்கத்துல வந்து உக்காந்து கேக்குமாம்."

"கேட்டியாய்யா?" என்று தையல்நாயகி புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆந்தை கத்துனாதான் கெட்டதுன்னு சொல்வாங்க. கத்தவே முடியாத ஆந்தைக்கு என்னாத்துக்குப் பயம்? பாவம், பாட்டுக் கேக்க வந்த பறவை. நீதான் தறியில உக்காந்துக்கினு பழைய பாட்டா பாடுவியே, உன் குரலுக்கே அது ஓடிப்போய்ப் பொழைச்சிருக்கும்."

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, "இந்தக் குரங்குக் குட்டி எங்க புடிச்சுக்கினு இருக்குது? முதுகுலயா?" என்றான்.

"வயித்துல. அடிவயித்தை நாலு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்கும். அதோட தாய் ஒரு மரத்துலேருந்து இன்னொரு மரத்துக்குத் தாவுனாலும் விடாது."

"வுடவே வுடாதா?"

"விடாதுடா."

அவன் குழியிலிருந்து எழுந்து வந்து, தையல்நாயகியின் மடியிலிருந்த காகிதத்தின் மேல் குனிந்தான். குட்டியின் விரல்களை வரைந்திருந்த கட்டங்களை நகத்தால் எண்ணினான். "இத்தனை சின்ன வெரலு ஒத்தை இழையில வராது. ரெண்டு இழையா புடிக்கணும்" என்று முணுமுணுத்தான். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"கயித்தை மாத்துறேன். குரங்கை நெய்யுறேன். ஆந்தை வரிசைக்கு வர்றப்போ நிறுத்திடுவேன். புள்ளை பொறந்து தாயும் புள்ளையும் வூட்டுக்கு வந்த பொறவுதான் அதைத் தொடுவேன். ஒத்துக்கினா அட்டையைக் குடு."

தை மாதக் கல்யாணம், ஐப்பசியில் பிரசவம். கணக்கு சரியாக வந்தது. கீர்த்தியும் ஒத்துக்கொண்டாள். மஹாலட்சுமி அன்று குமரகோட்டம் முருகன் கோவிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

கயிறு மாற்றவே பல நாள் ஆயிற்று. வளைகாப்பு முடிந்தபின் நெசவு தொடங்கியது. முதலில் குரங்கின் பாதங்கள் வந்தன. பிறகு மடி, குட்டி, வெள்ளி ஜரிகைப் பிடரி. தெருவே வந்து பார்த்தது. "இது என்னாப்பா, ரெண்டும் வேற வேறயா இருக்குது?" என்று கேட்டவர்களுக்குத் தையல்நாயகிதான் விளக்கம் சொன்னாள். "அது ஆம்பளை. சும்மா மொறைச்சுக்கினு நிக்கும். எல்லா வேலையும் இந்தம்மாவுக்குத்தான்."

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு காலையில், சாம்பார்ப் பாத்திரத்தோடு தம்பி வீட்டுக்குள் நுழைந்த மஹாலட்சுமி அப்படியே நின்றாள். தறியில் குரங்கு வரிசை முடிந்து, அதன் மேலே நீண்ட கால்கள் இரண்டு ஜோடி எழுந்திருந்தன. நகங்கள். கோடு கோடாக மார்பு.

"டேய் பஞ்சு! என்னடா பண்ற? புள்ளை பொறக்கட்டும்னு சொன்னியே!"

"சொன்னேன்." அவன் தலையைத் தூக்கவில்லை. "இந்தக் காலு எப்படி வரும்னு பாக்கலாம்னு ரெண்டு அட்டை தட்டுனேன். காலு வந்துது. அப்பால மாரு எப்படி வரும்னு தோணுச்சு. அதுவும் வந்துடுச்சு. நிறுத்த முடியலக்கா."

"வேணாம்டா! உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், நிறுத்துடா!"

தன் குரலைக் கேட்டு அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள், பயப்படாதே என்று டிசைனைக் கொண்டுவந்து கொடுத்தவள், இப்போது தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியோ அமைதியாக நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்குள்ளிருந்த பயம் எப்போது, எந்த அட்டையில், கழன்று விழுந்தது? அவளுக்குள் அத்தனை நாளும் அது ஒளிந்திருந்ததை அவள் ஏன் பார்க்கவில்லை?

அன்று மத்தியானமே தையல்நாயகிக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மஹாலட்சுமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நர்ஸிடம்கூட. ராமராஜன் டூட்டி முடித்து ஓடிவந்தவர், மனைவி வாயடைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் உண்மையில் பயந்துபோனார். "ஏதாச்சும் கேளும்மா, இப்படிச் சும்மா இருக்காத" என்று கெஞ்சினார். பஞ்சாட்சரம் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் தன் முகத்தைப் பார்க்கிறானா, திருப்பிக்கொண்டானா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த அந்தப் பழைய கேள்வி மறுபடி எழுந்தது.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பஞ்சாட்சரம்தான்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அந்தக் கறுப்புப் புடவை… டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க, கரு மொதல்லேருந்தே சரியா வளரலன்னு. எனக்குத் தெரியும். இருந்தும் யாரையாச்சும் கோச்சுக்கணும் போல இருந்துச்சு. நீதான் ஆப்ட்ட."

மஹாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு திறந்தது. பெண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. ஆனால் தாயும் பிள்ளையும் நலம் என்றாள் நர்ஸ். அவ்வளவுதான், மஹாலட்சுமி ஆரம்பித்துவிட்டாள். "எடை குறைவுன்னா எவ்ளோம்மா? பால் குடிச்சுதா? கண்ணு தொறந்து பாக்குதா? இவ்ளோ சின்னதுக்கு வெளிச்சம் தெரியுமா?" நர்ஸ் சிரித்துக்கொண்டே அவளை உள்ளே தள்ளிவிட்டாள்.

வெளுத்த உதடும் கலைந்த தலையுமாகப் படுத்திருந்த தையல்நாயகி, புருஷனைப் பார்த்ததும் முதல் கேள்வியாக, "ஆந்தை எதுவரைக்கும் வந்துச்சு?" என்றாள்.

பஞ்சாட்சரம் திருடன் மாதிரி விழித்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து ரூம்ல படுத்துக்கினு இருந்தவளுக்கு, குரங்கு முடிஞ்ச பொறவும் அட்டை தட்டுற சத்தம் கேக்காதா? சொல்லு."

"மூக்கு வரைக்கும். கண்ணுக்கு வர்றதுக்குள்ள நீ கூப்ட்டுட்ட."

"கண்ணு இல்லாம பாதியில நிறுத்திட்டா வந்த? குருடாவா நிக்குது அது?" தையல்நாயகி குழந்தையின் மேல் துணியை இழுத்துவிட்டாள். "அண்ணி இங்க என்கூட இருக்கட்டும். காலையில நீ போ. போய் அதுக்குக் கண்ணைத் தொறந்துட்டு வா."